மட்டமான பல்பு

“பல்பு கடை வச்சிருக்கிறவர் வீடா அத்தான் இது? அக்கா முகமே சரியா தெரியல!”

பையைக் கீழே வைப்பதற்குள் தங்கை ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. கூடம், படுக்கையறை, சமையலறை என்று எங்கு பார்த்தாலும் மங்கலான மஞ்சள் பல்பு.

“இதுதாம்மா கண்ணுக்கு நல்லது” என்றார் அத்தான்.

“கடையில மட்டும் பளபளன்னு வெள்ளை வெளிச்சம். வீட்டுக்குன்னா விக்காத சரக்கு. அப்படித்தானே?”

அத்தான் சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கை எப்போதுமே கொஞ்சம் இறுக்கம்தான். அதற்காக, கட்டியவள் நோயாகக் கிடக்கும்போதுமா?

அக்காவுக்குக் கல்லீரலில் கோளாறு. உடம்பெல்லாம் ஓயாத அரிப்பு. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தும், சொறிந்து சொறிந்து கைகளில் கோடு கோடாகக் காயம். “இப்போ தேவலை” என்றுதான் போனில் அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஜன்னலுக்கும் கெட்டித் திரையா? வெயிலுக்குமா கரண்ட் பில் வருது?”

“வெயில் பட்டா அவளுக்கு ஆகறதில்லம்மா” என்றவர், அரிப்புக்குத் தடவும் களிம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லி மருந்துக் கடைக்குக் கிளம்பினார்.

“ஏண்டி அவரைப் போட்டு வறுக்கறே?” என்றாள் அக்கா.

“நீ இப்படி விட்டுக்கொடுத்தே கெடுத்து வச்சிருக்கே. இரு, வந்துடறேன்.”

அத்தான் தலை மறைந்ததும் தங்கை தெருமுனைக்கு ஓடினாள். அங்கே அவருக்குப் போட்டியாக இன்னொரு பல்பு கடை. வேண்டுமென்றே அங்கேதான் வாங்கினாள்.

பல்பைப் பார்த்ததும் அக்கா பதறினாள். “வேண்டாம்டி. அவர் வந்துடட்டும்.”

“அவர் வந்தா இதையும் கொண்டு போய்க் கடையில வித்துடுவார்.”

“எனக்குக் கண்ணு கூசும்டி.”

“ரெண்டு நாள்ல பழகிடும். பேசாம இரு.”

படுக்கையறையில் நாற்காலி போட்டு ஏறினாள். பழைய பல்பைக் கழற்றிக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். புதியதை மாட்டி ஸ்விட்சைப் போட்டாள்.

“இப்பப் பாரு, எப்படி...” என்று திரும்பினாள்.

அக்கா மஞ்சளாக இருந்தாள். முகம், கழுத்து, கை, கண்ணின் வெள்ளை கூட மஞ்சள். கழுத்துக்குக் கீழே சிலந்திக் கால் போலப் பொடிப்பொடியாகச் சிவப்பு நரம்புகள். முழங்கையில், எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே கன்றிப்போன நீலத் திட்டுகள்.

அம்மாவும் இதே நோயில்தான் போனாள். கடைசி நாட்களில் அம்மா இந்த நிறத்தில்தான் படுத்திருந்தாள். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் அக்கா.

அக்கா எதிரே இருந்த பீரோ கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். அத்தான் களிம்போடு வந்து அறை வாசலிலேயே நின்றுவிட்டார். பல்பைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“கொஞ்சம் இங்க வாம்மா” என்று தங்கையைச் சமையலறைக்குக் கூட்டிப் போனார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் குரல் உடைந்துபோயிருந்தது.

“‘அம்மாவுக்கு வந்த அந்த மஞ்சள் எனக்கும் வந்துட்டா அவ்வளவுதான்’னு சொல்லிக்கிட்டே இருப்பா. வந்துடுச்சும்மா. மருந்து ஒருபக்கம் இருக்கட்டும், மனசு தளராம பார்த்துக்கங்கன்னார் டாக்டர். எனக்கு என்ன தெரியும்? பல்புதான் தெரியும். மஞ்சள் வெளிச்சத்துல எல்லாருமே மஞ்சள்தானே? அதான் வீடு பூரா மாத்திட்டேன். இத்தனை நாள் எப்படியோ காப்பாத்திட்டேன்...”

கையிலிருந்த களிம்பின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார்.

தங்கைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என்னவெல்லாம் பேசிவிட்டது இந்த வாய்! அக்கா வேண்டாம் வேண்டாம் என்றாளே, அப்போதாவது கேட்டிருக்கலாம். இனி பல்பைக் கழற்றலாம். அக்கா பார்த்ததை என்ன செய்வது?

“மன்னிச்சிடுங்க அத்தான்” என்றாள். அதற்குமேல் அவளுக்கு அழுகைதான் வந்தது.

“என்னங்க! ரெண்டு பேரும் இங்க வாங்களேன்!”

உள்ளேயிருந்து அக்காவின் குரல். இருவரும் பயந்துகொண்டே போனார்கள்.

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே காட்டினாள். “இவ எந்தக் கடையில வாங்கித் தொலைச்சா? மட்டமான சரக்கு. ஆளையே மஞ்சளாக் காட்டுது பாருங்க. முதல்ல அதைக் கழட்டுங்க.”

அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்! தெருமுனைக்காரன் என்னைக்கு நல்ல சரக்கு வித்திருக்கான்? பழைய பல்பு எங்கம்மா?”

“கூடத்து மேஜை மேல.”

சின்னப் பையன் மாதிரி ஓடினார்.

தங்கை இப்போதுதான் மூச்சு விட்டாள். நல்லவேளை, அக்காவுக்குப் புரியவில்லை.

அக்கா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, காதோடு சொன்னாள்:

“ஆஸ்பத்திரி வாசல் வெயில்ல நான் என்னைக்கோ பார்த்துட்டேன்டி. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. எனக்குத் தெரியாதுங்கற தைரியத்துலதான் அந்த மனுஷன் நடமாடிக்கிட்டிருக்கார்.”