நாற்பதைத் தாண்டாத கார்

"அக்கிரமம் தம்பி! ஆக்ஸிலரேட்டரே செத்துப்போச்சு. தரையோட தரையா மிதிக்கிறேன், நாப்பதைத் தாண்ட மாட்டேங்குதே!" அப்பா ஸ்டீயரிங்கை ஒரு குத்துக் குத்தினார். பின்னால் வந்த பால் வண்டி, பாவம் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனது.

பக்கத்து இருக்கையில் மெக்கானிக், மடியில் இன்ஜின் கணக்கைத் திரையில் காட்டும் ஸ்கேனர். ஓடும்போது மட்டும்தான் கோளாறு வருகிறது என்பதால் அதை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பியிருந்தார்.

பின்னால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மகள். வெளியூரில் முதல் வேலை. இந்தப் பழைய டீசல் கார் இதே ஸ்டேஷன் ரோட்டில் படுத்ததில் ஏற்கெனவே இரண்டு ரயில் போயிற்று. நாளைக் காலை போய் நிற்காவிட்டால் வேலை வேறொருவருக்கு. டாக்சி என்று வாயைத் திறந்தாலோ, "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது டாக்சியா?" என்று அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இந்த மர்மத்தை ஆராயாத நிபுணர் இல்லை. முதலாமவர் டீசல் ஃபில்டரை மாற்றினார். இரண்டாமவர் டர்போ குழாயைக் கழற்றி, பெருமூச்சு விட்டு, அதையே திரும்ப மாட்டினார். இந்த மூன்றாமவர் நேற்று புது பெடல் சென்சார் போட்டு, தானே ஓட்டிப் பார்த்தார். அவருக்கு நூறு வரை போனது. காருக்கும் ஆள் பார்த்துப் பழகத் தெரிகிறது.

"ட்ரெயினுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான்" என்றாள் மகள், அழாத குறையாக. "அண்ணா, ஏதாவது தெரியுதா?"

"இதுல கேபிளே கிடையாதும்மா. கால் எவ்வளவு அழுத்துதுன்னு சென்சார் சொல்லும், இன்ஜின் அதைக் கேட்டு நடக்கும். ரெண்டுல எது பொய் சொல்லுதுன்னு பாக்கணும்."

"ரெண்டுமே!" என்றார் அப்பா. "பேசாம திரும்பிடலாம். நடுரோட்டுல நின்னுட்டா யாரு பொறுப்பு? வேலை எங்க ஓடிடப் போகுது, இங்கயே ஒண்ணு பாத்துக்கலாம்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரையில் பெடல் பதினெட்டு சதவீதம் என்றது. இன்ஜினும் பிசகாமல் பதினெட்டுக்கு உண்டானதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் குனிந்து அப்பாவின் காலையும் பெடலையும் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, சென்சார்தானே? அதுதானே?" அப்பாவின் குரலில் இப்போது கோபமே இல்லை.

மெக்கானிக் ஸ்கேனரை அணைத்துவிட்டு, பின் இருக்கைக்குக் கேட்காதபடி சொன்னார்:

"சென்சார் நல்லாத்தான் இருக்கு சார். மிதிங்க, பொண்ணு போகட்டும்."