ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம்

மகன் செத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. மனுஷன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். கோகிலாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவள் அப்பா சின்னுசாமிக்கு மலைமேல் வாசலூர்பட்டியில் மிளகுத் தோட்டம். வீட்டு முன்னால் நிற்பது அறுபத்தெட்டாம் வருஷத்து அம்பாசிடர். ஸ்டியரிங்கில் ஆட்டம் என்று அவரே கழற்றுவார், அவரே மாட்டுவார். அரை அங்குல ஆட்டம் கால் அங்குலமாகக் குறைந்தால் போதும், முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் படுத்து எந்த மூட்டு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். இன்னொருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் கோகிலாவின் அம்மா அத்தாயி. அவளுக்கோ தீராத இடுப்புவலி.

"இடது பக்கம்."

"போதுங்களா?"

"இன்னுங் கொஞ்சம்."

சேந்தமங்கலத்திலிருந்து கோகிலா எப்போது வந்தாலும் இதேதான். தம்பி மணிவண்ணன் மலைப்பாதை வளைவில் விழுந்தது, அப்பா வாங்கிக் கொடுத்த பைக்கில். அதற்கப்புறமும் இந்த மனுஷனுக்கு வண்டி கேட்கிறதா? இதில் அம்மாவை வேறு மணிக்கணக்காக உட்கார வைத்து வாட்டுகிறார். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லி அழுதாள்.

புருஷன் இளங்கோ ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். அடுத்த ஞாயிறே புதுச் சாமான்களோடு மலையேறி, ஒரே காலையில் வேலையை முடித்துவிட்டான். ஸ்டியரிங் துளி ஆடவில்லை.

சின்னுசாமி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். நல்லாயிருக்குதுங்க மாப்ள என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அத்தாயி அடுப்படிக்குப் போனாள். கோகிலாவுக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாக இருந்தது.

பதினைந்து நாள் கழித்து வந்து பார்த்தால், அப்பா காருக்கு அடியில். அம்மா மேலே.

கோகிலாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நல்லா இருந்ததக் கழட்டிப் போட்டுட்டீங்களா? எப்பிடிப்பா உங்களுக்கு மனசு வருது?"

அத்தாயி மெல்ல இறங்கி, மகள் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"அவர வையாத கண்ணு. கழட்டுனது நானு."

கோகிலா அம்மாவையே பார்த்தாள்.

"எழவன்னைக்கு, அவரப் பாத்து எம்பையன நீதான் கொன்னேன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டேன். நீயுங் கேட்டதுதானே. அன்னைக்கிருந்து அவரு எங்கிட்டப் பேசறத உட்டுட்டாரு. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது? அப்பறம் ஒருநாளு, கொஞ்சம் வந்து ஸ்டியரிங்கப் புடின்னாரு. நாங்க பேசிக்கிறதே அதுலதான்."

கோகிலா துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன்ற ஊட்டுக்காரரு வந்து சரி பண்ணிட்டுப் போனாரு. பதினாலு நாளா ஊட்டுல ஒரு பேச்சுமில்ல. நேத்து அவரு தோட்டத்துக்குப் போனப்ப நானே அடியில படுத்துக் கழட்டுனேன். இத்தன மாசமாக் கேட்டுட்டு இருக்கறேன், எந்த நட்டுன்னு எனக்குத் தெரியாதா?"

முன்பக்கமிருந்து சின்னுசாமியின் குரல் கேட்டது, கொஞ்சம் வந்து உட்காரச் சொல்லி.

அத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். நாலடி போனவள் நின்று திரும்பினாள்.

"மாப்ளகிட்டச் சொல்லிப்போடாத சாமி. தங்கமானவரு, மறுபடியும் வந்து சரி பண்ணிருவாரு."