நாலாவது ஆள்

டிராம் வந்து நின்றது. அவள் ஏறினாள்.

அவன் ஏறவில்லை. ஓர் அடி பின்னால் வைத்தான்.

பழக்கம்.

ஓல்டனிலிருந்து பாசலுக்கு ரயில். ரயில் நிலைய வாசலில் பச்சை டிராம். இறங்கினால் எதிரே பிள்ளைகளின் ஆஸ்பத்திரி. சுவிஸில் பத்து வருடமாக இருந்தும் அவர்களுக்கு மனப்பாடமான பயணம் இது ஒன்றுதான். மூன்று கிழமைக்கு ஒரு முறை, மகளுக்கு மருந்து ஏற்ற.

மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக் கூடாது என்பது மனைவியின் கட்டளை. புற்றுநோய் என்ன, டிராமில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எட்டிப் பார்க்குமா என்று முதல் நாள் அவன் சத்தம் போட்டான். அவள் அழுதாள். அதற்கு மேல் வாதாட அவனுக்குத் தெம்பில்லை.

ஆகவே ரயிலில் அவனுக்கு அடுத்த பெட்டி. டிராமில் அடுத்த டிராம்.

ஏழு நிமிடம் பிந்தி அவன் போய் இறங்குவான். மொட்டைத் தலையில் கம்பளித் தொப்பியோடு மிதுஷா தரிப்பிடத்தில் நிற்பாள். வெளிநாட்டிலிருந்து வந்தவனை வரவேற்பதுபோல இரண்டு கையையும் ஆட்டுவாள்.

அவளுக்கு ஏழு வயது. இந்த ஏற்பாடு அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

மூன்று பேர் சேர்ந்து போயே ஆகவேண்டும் என்றால் ஊரில் என்ன செய்வார்கள் என்று தாயைக் குடைந்தாள். ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போவார்கள், கல்தான் நாலாவது ஆள் என்று தாய் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே, இதே தரிப்பிடத்தின் ஓரத்தில், மிதுஷா ஒரு கல்லைப் பொறுக்கினாள். சாம்பல் நிறம். கோழிமுட்டை அளவு. பெயர் உர்ஸ். அது அவளுடைய வகுப்பு வாத்தியாரின் பெயர்.

அதற்குப் பிறகு நால்வரும் ஒன்றாகவே போனார்கள்.

டிக்கெட் பரிசோதகர் வந்தால் மிதுஷா தன் அட்டையைக் காட்டுவாள். பிறகு கல்லையும் காட்டுவாள். உர்ஸுக்கு இன்னும் ஆறு வயதாகவில்லை, டிக்கெட் வேண்டாம் என்பாள். ஒரு பரிசோதகர் தொப்பியைக் கழற்றி உர்ஸுக்கு நல்ல பயணம் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரத்தப் பரிசோதனை முடிவுகள் நன்றாக வந்தன. தொடர்ந்து நான்கு தடவை.

அவன் உர்ஸை நம்பவில்லை. ஆனாலும் வீட்டை விட்டு இறங்கும்போது மகளுடைய ஜாக்கெட் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

ஏப்ரலில் வெயில் வந்தது. ஜாக்கெட் மாறியது. அன்றைக்கு அவன் தொட்டுப் பார்க்கவில்லை.

ரயில் புறப்பட்ட பிறகுதான் மிதுஷா அவன் காதுக்குள் சொன்னாள்.

"அப்பா, உர்ஸ் குளிர் ஜாக்கெட்டுக்குள்ள."

எதிர் இருக்கையில் தாய் கண்ணை மூடியிருந்தாள்.

அடுத்த பெட்டி பத்து அடி தூரம். எழும்பிப் போயிருக்கலாம்.

ஆனால் மகள் தலையை அவன் தோளில் சாய்த்துவிட்டாள். அவன் உதட்டில் விரல் வைத்தான். அவளும் வைத்தாள். பாசல் வரும்வரை அவன் அசையவில்லை. வெட்கமில்லாமல் சொன்னால், அந்தப் பயணத்தில் அவன் சந்தோஷமாக இருந்தான்.

அன்றைக்கு டாக்டர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கல்லை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். மனைவியிடம் சொல்லவில்லை. கல்லுக்கும் இரத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன.

அதன் பிறகு ஒரு நாளும் அவன் அவர்களோடு ஏறவில்லை. மறுபடியும் அடுத்த பெட்டி, அடுத்த டிராம். மிதுஷா ஏனென்று கேட்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும்.

இன்று காலை எட்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளை எதிரே ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறாள். நாளை மறுநாள் தருவார்களாம். அவளுடைய உடுப்புகளையும் கம்பளித் தொப்பியையும் ஒரு கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

டிராமின் கதவு மூடப் பார்த்தது. மனைவி கையைக் குறுக்கே வைத்தாள். மறுபடியும் திறந்தது. உள்ளே இருந்தவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

"ஏறுங்கோ," என்றாள். "இனி ரெண்டு பேர்தானே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

அவன் பைக்குள் கைவிட்டான். கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"மூண்டு பேர்," என்றான். "நீர் முன்னால போம். நாங்கள் ரெண்டு பேரும் அடுத்ததில வாறம்."

அவள் கல்லைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். குறுக்கே வைத்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

கதவு மூடியது. கண்ணாடிக்குள், கடதாசிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் போனாள்.

அடுத்த டிராமுக்கு ஏழு நிமிடம் என்று பலகை சொன்னது.

அவனிடம் ஒரு டிக்கெட்தான் இருந்தது. அது போதும். உர்ஸுக்கு இன்னும் ஆறு வயதாகவில்லை.