மருது நடித்த படம்

சோளிப் பூனை மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும். மாமியார் தொடரைப் பார்த்தால், "ஒரு அறை அறைய மூன்று நாளா?" என்று கேட்கும். பேய்ப் படம் பார்த்தால், "பேயைவிட நடுவில் வந்த பாட்டுதான் பயங்கரம்" என்று சொல்லும். தெரு முழுக்க அதைக் கேட்டுச் சிரிக்கும்.

அப்படிப்பட்ட சோளியே அன்று மதில்மேல் பதுங்கி உட்கார்ந்திருந்தது. அடுத்த வீட்டு நாய் மருது நடித்த முதல் படம் முந்தின நாள்தான் டிவியில் வந்திருந்தது. இப்போது மருது மதிலோரம் வந்து நின்றது.

"அக்கா, படம் எப்படி?"

சோளி பாதத்தை நக்கியது. மறுபடியும் நக்கியது. பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் மருது முறைத்துக்கொண்டு போய்விடும். மருதுவை விட்டால் அதற்கு வேறு சிநேகிதம் கிடையாது.

"முதலாளிக்காகக் குண்டடிபட்டுச் செத்துக் கிடந்தாயே தம்பி... அப்போது உன் வால் ஆடியது."

மருது திரும்பித் தன் வாலைப் பார்த்தது.

"ஆடியது எனக்கும் தெரியும் அக்கா," என்றது மருது. "காலையிலிருந்து பதினோரு பேர் பிரமாதம் என்று சொல்லிவிட்டார்கள். படத்தைப் பார்த்தது நீ ஒருத்திதான்."