ஒரு பட்டம் குறைவு

பட்டத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. குலத்தின் தலைவரான பட்டக்காரர் பொங்கியண்ணன் ஒன்றைக் குறைக்கச் சொன்னார்.

குலதெய்வக் கோயில் மண்டபத்தில் ஆறு ஊர்ப் பங்காளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். மாசித் திருவிழாவில் பட்டக்காரருக்குப் பரிவட்டம் கட்டும்போது அவருடைய பட்டங்களை உரக்கச் சொல்வது வழக்கம். ‘ஆறூர்க் காணியாளர், அணைகட்டித் தந்தவர், ஆவாரம்புதூரை எரித்தவர்’ என்று அது போகும். எரித்தது எந்தக் காலத்துப் பாட்டனோ. அந்தக் கடைசிப் பட்டம் வேண்டாம் என்றார் பொங்கியண்ணன்.

சபை சம்மதிக்க வேண்டும். வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். ஊருக்கு ஒருவர் வெற்றிலை எடுத்தால் சம்மதம். ஓர் ஊர்க்காரர் எடுக்காவிட்டாலும் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஐந்து பேர் எடுத்துவிட்டார்கள். தட்டு செங்கோடன் முன்னால் நின்றது. சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்.

“ஏனுங்க பட்டக்காரரே, இப்ப எதுக்குங்க இது?”

“கேக்க நல்லா இல்லீங்கண்ணா. அதான்.”

“உங்கப்பா காலத்துல நல்லா இருந்துச்சே. பம்ப்பு கம்பெனி நடத்தறவரு, ஆதாயமில்லாம ஒரு நட்டாச்சும் கழட்டுவீங்களா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“ஆவாரம்புதூர்ல எத்தனை ஓட்டுங்க?” என்றார் செங்கோடன். “தேர்தல் வருதில்லீங்க, அதுக்குக் கேட்டேன்.”

“நான் நிக்கலீங்கண்ணா.”

“எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. சரி, காரணத்தச் சொல்லுங்க. இப்பவே எடுத்துக்கறேன்.”

பொங்கியண்ணன் தலையாட்டி மறுத்தார். “சொல்றதுக்கில்லீங்க. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“பாத்தீங்களா! பின்னாடி ஆரோ இருக்காங்க.”

மண்டபத்தில் சலசலப்பு. ஏற்கெனவே வெற்றிலை எடுத்திருந்த நாச்சிமுத்துகூட அதை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். “அட, ஆருன்னாச்சும் சொல்லுங்க பட்டக்காரரே. நமக்குள்ள என்ன?”

“மன்னிச்சுக்குங்க.”

“அந்த ஊர்க்காரங்க மனசு நோகுமோ என்னமோ, செங்கோடா,” என்றார் ஒரு பெரியவர்.

“என்ற பொண்டாட்டி மயிலாத்தா அந்த ஊர்தானுங்க. கட்டிட்டு வந்ததுலருந்து வருசா வருசம் முன்னால நின்னு கேக்கறா. ‘உங்கூரத்தான் எரிச்சோம், நல்லாக் கேட்டுக்க’ன்னு நானே சொல்லுவேன். சிரிச்சுக்குவா. அவளுக்கு நோகாதது இவருக்கு நோகுதாமா?”

செங்கோடன் வெற்றிலையைத் தொடாமல் தட்டை நகர்த்திவிட்டார்.

பொங்கியண்ணன் எழுந்து கும்பிட்டார். “சபை சொன்னாச் சரிங்க.”

வெளியே, சமையல் கொட்டகையிலிருந்து வந்து மயிலாத்தாள் செங்கோடனின் காரில் ஏறினாள்.

“என்னாச்சுங்க?”

“ஒத்தை ஆளா நின்னு தடுத்துப்போட்டேன். இந்த வருசமும் நாங்க எரிச்சவங்கதான்.”

அவள் ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“எவங்கிட்டயோ கை நீட்டிப்போட்டு வந்திருக்கான். பேரக் கேட்டா வாயத் தொறக்க மாட்டீங்கறான். திருட்டுப்பய.”

“அவரத் திட்டாதீங்க,” என்றாள் மயிலாத்தாள். “அந்தப் பட்டத்த எடுக்கச் சொல்லிக் கேட்டதே நானுங்க. உங்களுக்குத் தலைகுனிவாப் போயிரும், என்ற பேரச் சொல்லீராதீங்கன்னேன். அவரு சொல்லலை.”