மாடிக்கு லைசென்ஸ்

மாடிப்படியின் கைப்பிடியை இன்ஸ்பெக்டர் இரண்டே விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடியதாகச் சாவிக்கொத்து அக்காவுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

"ஆடுதே."

"எங்க சார் ஆடுது? போன வாரம்தான் வெல்டிங் வெச்சிருக்கு. யானையைக் கட்டினாக்கூட அசையாது!"

அக்கா ஒரு வீட்டு புரோக்கர். இடுப்பில் எந்நேரமும் ஒரு கொத்துச் சாவி தொங்குவதால் ஊர் வைத்த பெயர் அது. அந்தக் கடற்கரை ஊரில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு கோழிக்கூண்டைக்கூட வாடகைக்கு விட முடியாது. அதைத் தருவதற்கு ஊருக்கே ஒரே ஒரு இன்ஸ்பெக்டர். அவர் இந்த மாடியை ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளுபடி செய்துவிட்டார். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர் அக்காவைப் பிடித்தார்.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. மின்சாரச் சான்றிதழ், தீயணைப்புச் சான்றிதழ், வரி ரசீது என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி ஒரு ஃபைலையே சேர்த்துவிட்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி இந்த மாடிக்காகவே காத்திருந்தாள். "ஒண்ணாம் தேதி சாவி உன் கையில. இல்லேன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்று அவளிடம் வாயை வேறு விட்டாயிற்று.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கீழே கூடத்தில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வந்ததற்கு எழுந்திருக்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. காரியம் ஆக வேண்டியவர் இப்படியா இருப்பார் என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது.

இன்ஸ்பெக்டர் படியேறினார். அக்கா மூச்சு வாங்கப் பின்னால் ஓடினாள். மேலே கதவு பூட்டியிருந்தது.

"சாவி என்கிட்ட இல்ல!" கீழேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "மாடியில இருக்கற மகராசங்க பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டாங்க!"

"லைசென்ஸ் இல்லாம அவங்களை மட்டும் எப்படி வெச்சீங்க?" அக்கா படியிலிருந்தே எட்டிக் கேட்டாள்.

"வாடகை வாங்கினாத்தானேம்மா லைசென்ஸ்? ஒரு பைசா பார்த்ததில்ல. காலி பண்ணுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு."

அக்கா தன் கொத்திலிருந்து ஏதாவது ஒரு சாவி சேருமா என்று துழாவிக்கொண்டிருந்தாள். அதற்குள் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நிலைக்கு மேலே கையை விட்டுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். எத்தனை வீடு பார்த்த மனுஷர், ஜனங்கள் சாவியை எங்கே ஒளிப்பார்கள் என்பது இவருக்கு அத்துப்படி என்று அக்கா உள்ளூர மெச்சிக்கொண்டாள்.

உள்ளே எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே கடல். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காத்து ஜாஸ்தி" என்றார்.

"கடலோரத்துல காத்து வராம வேற என்ன சார் வரும்?"

"துரு வரும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

கீழே வந்து, அக்காவின் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாள் வரை புரட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு."

அக்காவுக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

"கைப்பிடிதான் ஆடுது" என்று சொல்லிவிட்டு, 'நிராகரிக்கப்பட்டது' என்ற முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அக்காவுக்குத் தாங்கவில்லை. நர்ஸிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது?

"என்ன சார் அநியாயம் இது! உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு கிடையாதா?" என்று கத்தியவள், வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்களாவது கேளுங்களேன். வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?"

வீட்டுக்காரர் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

"சார், ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க" என்று அக்கா இன்ஸ்பெக்டரை மறித்துக்கொண்டு நின்றாள். "குறை சொல்றது சுலபம். இந்த மாடியில நீங்க ஒரு நாலு நாள் குடியிருந்து பாருங்க. அப்புறம் காலி பண்ணவே உங்களுக்கு மனசு வராது!"

"நீங்க சொல்றது வாஸ்தவம்தாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். ஆபீஸ் நேரம் முடிந்திருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டார், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடியும் மாடிப்படியில் ஏறத் தொடங்கினார்.

"சார், கேட் இந்தப் பக்கம் இருக்கு" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் பாதிப் படியில் நின்று, அந்தக் கைப்பிடியின் மேலேயே நன்றாகச் சாய்ந்துகொண்டு, பேப்பரைப் பார்த்துச் சொன்னார்.

"எத்தனை புரோக்கரைக் கூட்டிட்டு வந்தாலும், நானும் உங்க பொண்ணும் மாடியைக் காலி பண்றதா இல்ல, மாமா."