இப்ஹாம் ஹாஜியாரின் யுத்த லொறி

"இது யுத்த லொறியா, பொண்ணு மாப்பிள்ள போற வண்டியாடா?"

இப்ஹாம் ஹாஜியார் போட்ட சத்தத்தில், மாம்புரிக் கராஜின் தகரக் கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன.

இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓட்டிய லொறி அது. சிலாபத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் கோழிக்கூடாகக் கிடந்ததை வாங்கி, எட்டு மாதத்துக்கு முன் மெக்கானிக் றுமைஸிடம் ஒப்படைத்திருந்தார். உள்ளே புது ஜப்பான் டீசல் என்ஜினும் கியர்பொக்ஸும் பூட்ட வேண்டும். வெளியே பார்த்தால் எதிரிப் படை இன்றைக்கும் நடுங்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

எப்போது போன் பண்ணினாலும், "இன்னும் முடியல்ல ஹாஜியார்" என்பான் றுமைஸ்.

இன்று சொல்லாமல் கொள்ளாமல் கொழும்பிலிருந்து வந்துவிட்டார். வழியில் மதகு உடைந்திருந்ததால் ஜீப்பை அக்கரையில் விட்டுவிட்டு, களிசானை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்து வந்திருந்தார். அந்தக் கோபம் வேறு. வந்த வேகத்தில் லொறிக்கு அடியில் புகுந்து, வெள்ளைச் சேர்ட்டைக் கறுப்பாக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

சாவியைத் திருப்பினார். என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

"முடியல்ல என்டாய்?"

"சத்தம் காணாது ஹாஜியார். யுத்த லொறி என்டா ஊர் அதிர வேணும். அதத்தான் பாத்துக்கிட்டு இரிக்கிறன்."

"கிளச் எங்க?"

"இல்ல. ஓட்டோமெட்டிக் கியர்."

"நான் கை கியர்தானே சொன்னன்?"

"உங்கட முழங்காலுக்கு நல்லம் என்டு..."

"என்ட முழங்காலுக்கு ஒன்டுமில்ல!"

"இனி வரும்தானே ஹாஜியார்."

ஹாஜியார் பின்பக்கம் போனார். சிப்பாய்கள் ஏறிய இடத்தில் மரப்படி வைத்த ஏணி. உள்ளே இரண்டு பக்கமும் பூப்போட்ட துணி தைத்த ஸ்பொன்ஞ் மெத்தை.

"பட்டாளத்துக்காரனுக்கு ஏணியும் மெத்தையுமா?"

"அவங்களும் மனுசர்தானே."

ஹாஜியார் திரும்பவும் முன்னால் ஏறினார். "புது மீற்றர்ல ஆயிரத்து எழுநூறு கிலோமீற்றர் காட்டுது!"

"டெஸ்ட் ஓட்டம்."

"எங்க, யாழ்ப்பாணத்துக்கு மூணு தரம் போய் வந்தியா?"

றுமைஸ் தலையைச் சொறிந்தான். ஹாஜியார் முன் ஆசனத்தைத் தடவினார். கையில் ஒரு அட்டை அகப்பட்டது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் அட்டை.

"இது யாருட?"

"என்ட" என்றான் றுமைஸ், அவசரத்தில்.

ஹாஜியார் அவன் வயிற்றை ஒரு தரம் பார்த்தார்.

"எத்தின மாசம்?"

றுமைஸ் அட்டையை மெல்ல வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஊரெல்லாம் வாடகைக்கு ஓட்டி உழைச்சிரிக்கிறாய். சாவி என்ட கையில. இன்டைக்கே கொழும்புக்குக் கொண்டு போறன்."

"வாங்கோ, வாங்கோ, நேரமாச்சு!"

வாசலில் மிட்வைஃப் பிரான்சிஸ்கா மிஸ் குடையோடு நின்றார். அவருக்குப் பின்னால் ஏழு பெண்கள், ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஏழு பேரும் நிறைமாதப் புள்ளத்தாச்சிகள்.

பிரான்சிஸ்கா மிஸ், எண்ணெய்ச் சேர்ட்டோடு நின்ற ஹாஜியாரைப் பார்த்தார்.

"புதுக் கிளீனரா? நல்லதாப் போச்சு. அந்த ஏணியை ஆடாமப் பிடியுங்கோ."

"நான்..."

"கதை பிறகு. முதல்ல பிடியுங்கோ!"

ஹாஜியார் பிடித்தார்.

ஏழு பேரும் ஏறி முடிந்ததும் மிஸ் ஹாஜியாரின் கையிலிருந்த சாவியை வாங்கி றுமைஸிடம் எறிந்துவிட்டு முன்னால் போய் ஏறிக்கொண்டார். லொறியைத் தனியே அனுப்ப மனமில்லாமல் ஹாஜியாரும் பின்பக்கம் தொற்றிக்கொண்டார். றுமைஸ் கண்ணாடியில்கூட அவரைப் பார்க்கவில்லை.

"கிளினிக்குக்குப் போக த்ரீவீல் கிடைக்காதா?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எரிச்சலாகக் கேட்டார்.

அவள் பெயர் அஸ்ரியா. ஹாஜியாரின் நனைந்த களிசானைக் கண்ணால் காட்டி, அண்ணனிடம் பேசுவதுபோல் 'நானா' போட்டுச் சொன்னாள்.

"மதகு உடைஞ்சதில இருந்து த்ரீவீல் ஒன்டும் இந்தப் பக்கம் வாறல்ல நானா. நீங்க நடந்து வந்தீங்க. எங்களால ஏலுமா? இந்த லொறிக்குத்தான் உசரமான சில்லு."

"அதுக்காக இவன் அடுத்தவன்ட லொறிய..."

"அந்த லொறிக்கார ஹாஜியார்தானே ஓடச் சொன்ன! குலுக்கினா எங்களுக்கு ஆகாதென்டு கியரையே மாத்தச் சொன்னவராம். ஏணி, மெத்தை எல்லாம் அவர்ட யோசனைதானாம்."

"யாரு சொன்ன?"

"றுமைஸ் நானாதான். அல்லாஹ்வுக்காக ஓடு, யாருக்கிட்டயும் ஒரு சதம் வாங்கப்படாதென்டு கண்டிசனாச் சொல்லியிரிக்கிறாராம். கோவக்காரராம். ஆனா மனசு தங்கமாம். புதன்கிழமைக்குப் புதன்கிழமை நாங்க எல்லாரும் அவருக்கு துஆ கேக்குற."

ஹாஜியார் மெத்தையின் பூப்போட்ட துணியைத் தடவிப் பார்த்தார். தன் வாழ்நாளில் ஏழு பேர் சேர்ந்து தனக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

"அவர்ட பேர்?"

"இப்ஹாம் ஹாஜியார். இந்த லொறியில போய்ப் பொறந்த மூணு ஆம்புளப் புள்ளைக்கும் அந்தப் பேர்தான் வெச்சிரிக்கி. பள்ளிக்கூடத்துக்குப் போனா டீச்சர்மார் பாடு கஷ்டம்!"

வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஆம்புளப் புள்ள என்டா அதே பேர் வெக்கத்தான் எனக்கும் நிய்யத்து."

"எனக்கும்" என்றாள் எதிரே இருந்தவள்.

"எனக்கும்தான்" என்றது மூலையில் ஒரு குரல்.

மதகு வந்தது. லொறி தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு சில்லு பள்ளத்தில் விழ, எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பினார்கள்.

ஹாஜியார் பாய்ந்து போய் முன்பக்கத் தகரத்தில் படபடவென்று அடித்தார்.

"டேய் றுமைஸ், மெதுவா விடுடா! இதுக்குள்ள இன்னும் எத்தின இப்ஹாம் இரிக்கிறானோ!"